உலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஆயுத இறக்குமதிப் பட்டியலும், ஏப்ரலில் ராணுவச் செலவுப் பட்டியலும், ஜூனில் அணு ஆயுத எண்ணிக்கையும் ஸ்டாக்ஹோமிலிருந்து வெளிவருகின்றன. மறுநாள் நாளிதழ்களில் ‘சிப்ரி தகவல்’ என்று நான்கு வரிச் செய்தி இடம்பெறும். போட்டித் தேர்வுக்குப் படிப்பதற்காக எங்கள் ஊர் நூலகத்தில் கூடும் மாணவர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் கேட்பவை, ஆண்டு மாறினாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே கீழே தந்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். முன்னால் உள்ள பதில்களைப் பின்னால் உள்ளவை சுட்டுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சிப்ரி, சிப்ரின்னு பேப்பர்ல வருதே, அது ஐ.நா.வோட அமைப்பா?

இல்லை. ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம் என்பதன் சுருக்கமே சிப்ரி. சுவீடன் 150 ஆண்டுகள் போரில்லாமல் வாழ்ந்ததை நினைவுகூர ஓர் ஆய்வு நிறுவனம் அமைக்கலாம் என்று அந்நாட்டுப் பிரதமர் டாகே எர்லாண்டர் 1964இல் யோசனை சொன்னார். அதை ஆராய அல்வா மிர்டால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் முடிவின்படி 1966இல் நிறுவனம் தொடங்கியது. மிர்டால் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை டெல்லியில் சுவீடன் தூதராக இருந்தவர். ஆயுதக் குறைப்புப் பணிக்காக 1982இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

சட்டப்படி இது ஒரு தன்னாட்சி அறக்கட்டளை. லாபம் ஈட்டுவது இதன் நோக்கமன்று. இதன் ஆய்வாளர்கள் சுவீடன் அரசின் அலுவலர்களும் அல்லர். ஆனால் சுவீடன் அரசின் ஆண்டு மானியம் இதன் வருவாயில் கணிசமான பங்கு. அது எழுப்பும் சந்தேகத்தைப் பணம் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

இது மாதிரி நிறைய இருக்கா? எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்யறாங்களா?

நிறைய இருக்கின்றன, வேலைதான் வேறு வேறு. வாஷிங்டனின் கார்னகி அமைதி அறக்கட்டளை 1910இலும், லண்டனின் சாத்தம் ஹவுஸ் 1920இலும் தொடங்கியவை. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுத் திட்டமாகப் பிறந்த ராண்ட் 1948இல் தனி நிறுவனமானது. வாஷிங்டனின் ஸ்டிம்சன் மையம் 1989ஆம் ஆண்டிலும், போர் மூளும் இடங்களை ஆராய்ந்து எச்சரிக்கும் இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப் 1995ஆம் ஆண்டிலும் தோன்றின. அணு அச்சுறுத்தல் தடுப்புக்கான என்டிஐ அமைப்பை முன்னாள் செனட்டர் சாம் நன்னும் ஊடக முதலாளி டெட் டர்னரும் 2001இல் நிறுவினர். கடத்தலையும் குற்றக் கும்பல்களையும் ஆராயும், ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘குளோபல் இனிஷியேட்டிவ்’ 2013இல் தொடங்கியது.

எண்ணிக் கணக்கு வைப்பவர்கள், களத்துக்கு ஆளனுப்பி எழுதுபவர்கள், அரசுகளிடையே ஓசையின்றிப் பேச்சு நடத்துபவர்கள் என்று மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் செய்தியைப் படிக்கும்போது குழப்பம் வராது. ஒரே நிறுவனம் மூன்றையும் செய்வதும் உண்டு.

‘எல்லை தாண்டிய அச்சுறுத்தல்’னா தீவிரவாதம்தானே?

தீவிரவாதம் அதில் ஒன்று. தொற்றுநோய், ஆயுதக் கடத்தல், போதைப்பொருள், இணையத் தாக்குதல், அணுப்பொருள் திருட்டு ஆகியவையும் அதில் அடங்கும். எந்த ஒரு நாடும் தன் எல்லைக்குள் மட்டும் நின்று தடுக்க முடியாத ஆபத்து என்பதே இந்தச் சொல்லின் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. 2003 அக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்ற ஜெர்மன் நிறுவனக் கப்பல் லிபியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதை இத்தாலியின் டரன்டோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தபோது, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் கருவிகளுக்கான உதிரிப்பாகங்கள் கிடைத்தன. தொழில்நுட்பம் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கள்ள வலைப்பின்னலுடையது, பாகங்கள் மலேசியத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை, சரக்கு வந்த வழி துபாய். இதில் ஒவ்வொரு நாட்டின் சுங்க அலுவலரும் தன் மேசைக்கு வந்த தாளை மட்டும் பார்த்திருந்தால் அது ஏதோ இயந்திர உதிரிப்பாகமாகவே தெரிந்திருக்கும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐ.நா. பாதுகாப்பு அவை 2004 ஏப்ரலில் 1540ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, பேரழிவு ஆயுதங்கள் தனியார் கைக்குப் போகாமல் தடுக்கும் உள்நாட்டுச் சட்டங்களை எல்லா நாடுகளும் இயற்ற வேண்டும் என்றது. சட்டம் எழுத ஆளில்லாத சிறு நாடுகளுக்கு உதவியதில் ஸ்டிம்சன் போன்ற நிறுவனங்களுக்கும் பங்குண்டு.

அரசாங்கத்துக்கிட்ட உளவுத்துறை, சாட்டிலைட் எல்லாம் இருக்கு. அப்புறம் இவங்க எதுக்கு?

உளவுத்துறைக்குத் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அரசு தனக்கு வசதியானபோது ஒரு துண்டை வெளியிடும். அதைச் சரிபார்க்க வழியிருக்காது. இந்த நிறுவனங்களின் வேலையை நான் மதிப்பதற்கு முதற்காரணம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சேர்த்து அவர்கள் வெளியிடுவதுதான்.

2021 ஜூன் இறுதியில், அணு ஆயுதப் பரவல் தடுப்பை ஆராயும், கலிஃபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள ஜேம்ஸ் மார்ட்டின் மையத்தின் ஆய்வாளர்கள், சீனாவின் கான்சு மாநிலத்தில் யூமென் அருகேயுள்ள பாலைவனத்தில் ஏறத்தாழ 120 நிலத்தடி ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவதாக அறிவித்தனர். அவர்கள் பயன்படுத்தியவை, பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் வணிகச் செயற்கைக்கோள் படங்கள். தோண்டும் வேலையை மறைக்கக் காற்றடைத்த கூடாரம் போன்ற மூடிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 3 கிலோமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டம் போட்டதுபோல் அவை வரிசையாக நின்றன. மறைப்பதற்காக வைத்த மூடியே காட்டிக்கொடுத்துவிட்டது. சில வாரங்களில் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பு சின்ஜியாங்கின் ஹாமி அருகே இன்னொரு களத்தைக் கண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆண்டறிக்கை அந்தக் களங்களைப் பற்றிப் பேசியது அதே ஆண்டு நவம்பரில்தான்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1986இல் சோவியத் அறிவியல் கழகத்தோடு ஓர் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு உடன்பாடு செய்துகொண்டு, செமிபலாடின்ஸ்க் அணுவெடிப்புச் சோதனைத் திடலைச் சுற்றி நிலநடுக்கமானிகளை நிறுவியது. வெளிநாட்டவரைச் சோவியத் ஒருபோதும் உள்ளே விடாது என்று அரசுகள் வாதிட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

இந்தியாகிட்ட 180 அணுகுண்டு இருக்குன்னு சிப்ரிக்கு எப்படித் தெரியும்? யாராவது உள்ள போய் எண்ணிப் பார்த்தாங்களா?

யாரும் எண்ணவில்லை, இந்திய அரசு அந்த எண்ணிக்கையை ஒருபோதும் அறிவித்ததும் இல்லை. 2025 ஜனவரி நிலவரப்படி இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170 என்பவை மதிப்பீடுகள். டிராம்பேயின் துருவா போன்ற உலைகள் எத்தனை ஆண்டு, எவ்வளவு திறனில் ஓடின என்பதைக்கொண்டு உற்பத்தியான புளுட்டோனியத்தின் எடையைக் கணிக்கிறார்கள். ஒரு குண்டுக்கு எத்தனை கிலோ தேவைப்படும் என்று எடுத்துக்கொண்டு வகுக்கிறார்கள். பிறகு அக்னி, பிருத்வி ஏவுகணைகள், விமானங்கள், நீர்மூழ்கிகள் எத்தனை பணியில் உள்ளன என்பதோடு ஒப்பிட்டு அந்த எண்ணைத் திருத்துகிறார்கள்.

ஆகவே 172 என்று இருந்தது மறு ஆண்டில் 180 ஆனால், எட்டுக் குண்டுகள் செய்யப்பட்டதை யாரோ பார்த்தார்கள் என்று பொருள்கொள்ளக் கூடாது. அந்த எண்ணோடு வரும் அடிக்குறிப்பு இந்த ஐயத்தைத் தெளிவாகச் சொல்லும். செய்தித்தாளில் அடிக்குறிப்பு வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

பட்ஜெட்ல ஒரு தொகை இருக்கு, சிப்ரில அதைவிட அதிகமா இருக்கு. யார் பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லவில்லை; இருவர் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. இந்தியாவின் 2024ஆம் ஆண்டு ராணுவச் செலவு 86.1 பில்லியன் டாலர், உலகில் ஐந்தாம் இடம் என்கிறது சிப்ரி. எல்லா நாடுகளையும் ஒரே வரையறையில் நிறுத்த வேண்டியிருப்பதால், போருக்குப் பயன்படக்கூடிய துணை ராணுவப் படைகளின் செலவையும் அது சேர்த்துக்கொள்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கும் நம் நாட்டில் உள்துறை அமைச்சகம்தான் பணம் ஒதுக்குகிறது. பாதுகாப்புத் துறையின் பட்ஜெட்டில் அந்தத் தொகையைத் தேடினால் கிடைக்காது. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதும், சிப்ரி ஜனவரி முதல் டிசம்பர்வரை கணக்கிடுவதும், டாலர் மாற்று விகிதமும் மீதி வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

சிப்ரியின் தரவுத்தளத்தை ஒருமுறையாவது நேரில் திறந்து பாருங்கள், இலவசம். கறுப்பில் உள்ள எண்களுக்கிடையே சில நீலத்தில் இருக்கும்: அவை சிப்ரியின் சொந்த மதிப்பீடு. சில சிவப்பில் இருக்கும்: மிகவும் நிச்சயமற்றவை. தகவலே கிடைக்காத இடத்தில் வெறும் புள்ளிகள் மட்டும் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒரு நிறத்தால் ஒத்துக்கொள்ளும் இந்த ஒழுங்கை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆயுத இறக்குமதிப் பட்டியல்ல வர்ற எண் டாலர்ல இருக்கா?

டாலரில் இல்லை, இதில் தவறாத செய்தியாளர் அரிது. ஆயுத விற்பனையின் உண்மை விலை பெரும்பாலும் ரகசியம். சில நேரம் கடனாகவும், சில நேரம் இலவசமாகவும் ஆயுதம் போகிறது. அதனால் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் அதன் அறியப்பட்ட உற்பத்திச் செலவை அடிப்படையாக வைத்து சிப்ரி ஒரு புள்ளியளவைத் தானே வகுத்துள்ளது. புதிய விமானத்துக்கு முழுப் புள்ளி. வேறொரு படை பயன்படுத்திய பழையதற்கு அதில் 40 விழுக்காடு. பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டதற்கு 66 விழுக்காடு.

எனவே அந்த எண், நாடு விட்டு நாடு சென்ற படைவலிமையின் அளவைக் காட்டுவது. அதை ரூபாயாக மாற்றி ‘இத்தனை கோடிக்கு ஆயுதம் வாங்கினோம்’ என்று எழுதினால் பிழை. விழுக்காட்டை ஒப்பிடலாம்: இந்தியாவின் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010–14இல் 72 விழுக்காடு, 2020–24இல் 36 விழுக்காடு. துப்பாக்கி போன்ற சிறு ஆயுதங்கள் இந்தக் கணக்கில் வாரா. உலகின் உள்நாட்டுப் போர்களில் மக்கள் பெரும்பாலும் அவற்றால்தான் சாகிறார்கள் என்பதால் இது சிறிய விடுபடல் அல்ல.

எல்லாம் சரி, அறிக்கை எழுதி என்ன சார் ஆயிடுச்சு?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கோபத்தோடு கேட்பார்கள். பதிலை நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்தபோது அதன் அணு ஆயுதங்கள் நான்கு குடியரசுகளில் சிதறிக் கிடந்தன. நியூயார்க்கின் கார்னகி கார்ப்பரேஷன் (மேலே சொன்ன கார்னகி அமைதி அறக்கட்டளை வேறு) தந்த நிதியுதவியுடன் ஹார்வர்டில் ஆஷ்டன் கார்ட்டரும் அவருடைய குழுவினரும், அந்த ஆயுதங்கள் எப்படியெல்லாம் கைமாறக்கூடும் என்று ஓர் ஆய்வு எழுதினார்கள். நவம்பரில் அதன் முடிவுகளைச் செனட்டர்கள் சாம் நன், ரிச்சர்ட் லூகர் இருவரிடமும் நேரில் விளக்கினார்கள். ஒரே வாரத்தில் செனட் 86க்கு 8 என்ற வாக்குகளில் அதற்கான சட்டத்தை ஏற்றது. ராணுவ நிதியிலிருந்து 400 மில்லியன் டாலர் வரை செலவிட வழி பிறந்தது. அந்தத் திட்டத்தால் 7,600க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன. உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றும் 1996இன் இறுதிக்குள் அணு ஆயுதமற்ற நாடுகளாயின.

இரண்டாவது நிகழ்ச்சியில் தன்னார்வ அமைப்பே கையை நீட்டிப் பணம் கொடுத்தது. பெல்கிரேட் அருகே வின்சா என்னுமிடத்தில் ஓர் ஆய்வு உலையில், உயர்செறிவூட்டப்பட்ட யுரேனியம் 48 கிலோ கிடந்தது. இரண்டு குண்டுகளுக்குப் போதும். அதைத் தர யூகோஸ்லாவியா தயாராக இருந்தது. ஆனால் பழுதடைந்த குளத்தில் ஊறிக் கிடந்த பயன்படுத்திய எரிபொருளையும் சுத்தம் செய்ய உதவ வேண்டும் என்றது. அந்த வேலைக்குச் செலவிட அமெரிக்க அரசுக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த இடைவெளியை என்டிஐ 50 லட்சம் டாலரால் நிரப்பியது. 2002 ஆகஸ்ட் 22 அதிகாலையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் சாலையைக் காவல் காக்க, கவனத்தைத் திருப்பப் போலி வாகனங்களும் உடன்வர, யுரேனியம் விமான நிலையத்துக்குச் சென்று ரஷ்யாவுக்குப் பறந்தது. பயன்படுத்திய எரிபொருள் 2010இல்தான் அங்கிருந்து வெளியேறியது.

மூன்றாவது, கஜகஸ்தானின் ஒஸ்கெமெனிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் எரிபொருள் வங்கி: மின் உலைக்கான யுரேனியம் வேறெங்கும் கிடைக்காத நாடு, தானே செறிவூட்டத் தொடங்காமல் இங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். உலக நாடுகள் சேர்ந்து 100 மில்லியன் டாலர் தந்தால் 50 மில்லியன் தருவதாக, வாரன் பஃபெட்டின் பணத்தைக்கொண்டு 2006இல் என்டிஐ முன்வந்தது. 2017இல் வங்கி திறக்கப்பட்டது. 2019இல் யுரேனியம் வந்து சேர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகள். இந்தத் துறையில் வேகம் இப்படித்தான்.

பணம் கொடுக்கிறவன் சொல்றதைத்தானே எழுதுவாங்க?

அந்த ஆபத்து உண்மையானது. வெளிநாட்டு அரசுகள் வாஷிங்டன் ஆய்வு நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் தந்து செல்வாக்குத் தேடுவதை 2014இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அதே ஆண்டில் ‘டிரான்ஸ்பரிஃபை’ என்ற முயற்சி, இந்நிறுவனங்கள் தங்கள் நிதிக்கணக்கை எவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகின்றன என்று நட்சத்திரம் போட்டு மதிப்பிடத் தொடங்கியது. நட்சத்திரம் குறைவாகப் பெற்றவர்களில் சிலர் பிறகு கணக்கை வெளியிட்டார்கள்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது: நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் யார், எவ்வளவு, எந்தத் திட்டத்துக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆயுத நிறுவனங்களிடம் பணம் பெறும் நிறுவனம் ஆயுதக் கொள்முதலைப் பற்றி எழுதினால் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை. இன்னொரு நிறுவனத்தின் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கொடுத்தவர் பெயரே இல்லையென்றால் மட்டும் மூடி வைத்துவிடலாம். சிப்ரியைப் பொறுத்தவரை, சுவீடனும் ஆயுதம் ஏற்றுமதி செய்யும் நாடுதான். அந்த ஏற்றுமதியும் அதே பட்டியலில், அதே அளவுகோலில் இடம்பெறுகிறது.

இவங்க கணிச்சது தப்பாப் போனதே இல்லையா?

போயிருக்கிறது. 2019 அக்டோபரில் என்டிஐயும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பாதுகாப்பு மையமும் சேர்ந்து, பெருந்தொற்றைச் சமாளிக்கும் ஆயத்தத்தில் 195 நாடுகளை வரிசைப்படுத்தின. 100க்கு 83.5 பெற்று அமெரிக்கா முதலிடத்தில் இருந்தது. சில மாதங்களில் கோவிட் வந்தது. அமெரிக்காவில் நடந்ததை உலகமே பார்த்தது.

உலகச் சராசரி 40.2தான், எந்த நாடும் முழு ஆயத்தத்தில் இல்லை என்பதே அந்த அறிக்கையின் முதல் முடிவு. அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஆய்வகம், சட்டம், மருத்துவமனை என்று இருப்பதை எண்ணியவர்கள், இருப்பதைத் தலைவர்கள் பயன்படுத்துவார்களா, மக்கள் நம்புவார்களா என்பதை எடைபோடத் தவறினார்கள். 2021 பதிப்பிலும் அமெரிக்காவே முதலிடம், 75.9 மதிப்பெண், எனினும் அரசின்மீது மக்களுக்குள்ள நம்பிக்கை என்ற அளவுகோலில் அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. என் கருத்தில், நாடுகளை ஒரே எண்ணாகச் சுருக்கி வரிசைப்படுத்துவது இந்த நிறுவனங்களின் மிகப் பலவீனமான பழக்கம். தலைப்புச் செய்தி கிடைக்கிறது, விளக்கம் தொலைந்துவிடுகிறது.

நம்ம நாட்டுல, நம்ம ஆளுங்க யாராவது இதுல இருந்திருக்காங்களா?

டெல்லியில் 1965இல் தொடங்கிய ஐடிஎஸ்ஏ என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இன்று முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் பெயரில் இயங்குகிறது. பதிவு பெற்ற சங்கமாக இருந்தாலும் பணம் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. 1968இல் அதன் இயக்குநரான கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அணு ஆயுதம் பற்றி அரசு தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அது வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்டவர். 1999இல் கார்கில் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் வாதத்தை நான் ஏற்பதில்லை. அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்து விவாதிக்கச் செய்ததை ஏற்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் பக்வாஷ் மாநாடுகள். அணு ஆயுத ஒழிப்புக்காக விஞ்ஞானிகள் கூடும் இந்த அமைப்பின் முதல் கூட்டத்தை டெல்லியில் நடத்த நேரு அழைத்திருந்தார்; சூயஸ் நெருக்கடியால் அது தடைபட்டு, 1957இல் கனடாவின் பக்வாஷ் கிராமத்தில் நடந்தது. 1995இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இந்த அமைப்புக்கு, கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 2002 முதல் 2007 வரை தலைவராக இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் இலங்கையின் ஜயந்த தனபால.

இந்தியாவில் தனியார் ஆய்வு நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நிதி பெறுவது கடினமாகி வருகிறது. டெல்லியின் கொள்கை ஆய்வு மையத்தின் அந்நிய நிதிப் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. உள்நாட்டுச் செல்வந்தர்கள் இத்தகைய ஆய்வுக்குப் பணம் தரும் பழக்கம் வளராதவரை, அரசுப் பணத்தைச் சார்ந்தே இங்கு வேலை நடக்கும்.

இலங்கைல அவ்வளவு நடந்ததே, அப்ப இவங்க எங்க போனாங்க?

இந்தக் கேள்வி கேட்கப்படும்போது அறை அமைதியாகிவிடும். போர் முடிந்து ஓராண்டு கழித்து, 2010 மே மாதத்தில், கிரைசிஸ் குரூப் போரின் கடைசி ஐந்து மாதங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பொதுமக்கள், மருத்துவமனைகள், உதவிப் பணிகள் ஆகியவற்றின்மீது அரசுப் படைகள் வேண்டுமென்றே ஷெல் தாக்குதல் நடத்தியதாக நம்புவதற்குச் சான்றுகள் இருப்பதாகவும், மக்கள் வெளியேறாமல் தடுத்தது உட்பட விடுதலைப் புலிகளின் குற்றங்களும் உண்டு என்றும், பன்னாட்டு விசாரணை வேண்டும் என்றும் அது சொன்னது. இலங்கை அரசு மறுத்தது. அடுத்த மாதமே ஐ.நா. பொதுச் செயலாளர் மூவர் குழுவை அமைத்தார். 2011இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது.

ஓர் உயிரையும் அது காப்பாற்றவில்லை என்பது உண்மை. எச்சரிக்கை செய்யும் நிறுவனத்திடம் படை இல்லை. கேட்க மறுக்கும் அரசுகளை அதனால் அசைக்க முடியவில்லை. நடந்ததை மறுப்பவர்கள் முன் வைக்க, நாள், இடம், சான்று என்று எழுதப்பட்ட ஒரு பதிவு மிஞ்சியது. அது போதாது என்று சொல்லும் மாணவரோடு நான் வாதிடுவதில்லை.

இந்த வேலைக்குப் போக என்ன படிக்கணும்?

அரசியல் அறிவியல் மட்டும் வழியன்று. புளுட்டோனியக் கணக்குக்கு இயற்பியலும், யூமென் போன்ற இடங்களைக் கண்டறியச் செயற்கைக்கோள் படம் படிக்கும் பயிற்சியும், செலவுப் பட்டியலுக்குக் கணக்கியலும் தேவை. ஆய்வு நாட்டின் மொழி தெரிந்தவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. பெரும்பாலான நிறுவனங்கள் பயிற்சியிடங்களைத் தம் தளத்திலேயே அறிவிக்கின்றன.

தேர்வுல சிப்ரி எண்ணை அப்படியே எழுதலாமா?

எழுதலாம், மூன்று சொற்களைச் சேர்த்து எழுதுங்கள்: எந்த ஆண்டு, எதன் எண்ணிக்கை, மதிப்பீடு. 2025 ஜனவரியில் உலகில் இருந்த அணு ஆயுதங்கள் 12,241 என்பதும் சரி, 9,614 என்பதும் சரி. முதலாவது, கழற்றப்படக் காத்திருக்கும் பழையவற்றையும் சேர்த்தது. இரண்டாவது, படைகள் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு மட்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி, வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் விளக்கிக் கொண்டுவந்து காட்டினாள். அந்தத் தாளை நகலெடுத்து நூலகத்தின் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.